ஓதம் மேஸ்திரியும் எட்டு நாள் குளியலும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் எத்தனை வீட்டுத் தரை உண்டோ, அத்தனையும் ஓதம் மேஸ்திரியிடம் உண்மையைக் கக்கிவிடும். வீட்டுக்காரர் பொய் சொல்லலாம், கட்டின என்ஜினீயர் சொல்லலாம், பிளம்பர் கற்பூரம் அடித்தே சொல்லலாம். தரை மட்டும் அவரிடம் எதையும் மறைக்காது. மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ம்... அப்புறம்?" என்று தரையைப் பார்த்துக் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சிமெண்டுத் தரையில் அடியிலிருந்து ஈரம் ஏறி, கறுத்துப்போய், ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்குமே, அதற்குத்தான் எங்கள் பக்கம் ஓதம் என்று பெயர். அதைக் கண்டுபிடிப்பதே வேலை என்பதால் மேஸ்திரிக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவருடைய பெண் கல்யாணப் பத்திரிகையில் நிஜப் பெயரை அச்சடித்துவிட்டார். வாங்கிய ஆளெல்லாம் "இது யாருங்க?" என்று கேட்க, மனுஷன் உட்கார்ந்து எல்லாப் பத்திரிகையிலும் பேனாவால் 'ஓதம்' என்று எழுதிக் கொடுத்தார். நான் அந்த நிஜப் பெயரை அன்றைக்குப் படித்தேன், அன்றைக்கே மறந்தும் போனேன்.

அவருடைய ஆயுதங்கள் ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கிவிடும். முழ நீளத்துக்கு முழ அகலமாக வெட்டிய கெட்டியான பிளாஸ்டிக் கவர்கள், பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப், ஒரு சாக்பீஸ். தரையைத் துடைத்து, கவரை விரித்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்று நாள் யாரும் மிதிக்கக் கூடாது. கவருக்கு மேலே ஈரம் இருந்தால் அது காற்றில் வந்த ஈரம். கவருக்கு அடியில் முத்து முத்தாக நின்றால் அது தரைக்குள்ளிருந்து வருகிற ஈரம். இவ்வளவுதான் சாஸ்திரம்.

இந்த சாஸ்திரத்தை அவர் பிரயோகிக்காத இடமே கிடையாது. மூட்டு வலி என்று ஒருமுறை டாக்டரிடம் போனார். டோக்கன் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை. ஊசி போடுகிற ரூமில் குனிந்து கவர் ஒட்டிக்கொண்டிருந்தவரை டாக்டரே வந்து பிடித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, இங்க என்ன பண்றீங்க?"

"நீங்க எனக்குப் பாக்கறீங்க, நான் உங்க தரைக்குப் பாக்கறேன். ரெண்டு பேருக்கும் ரிப்போர்ட்டு மூணு நாள்ல வந்துடும்."

தங்கச்சி மகனுக்கு ஒலக்கூர் பக்கம் பெண் பார்க்கப் போனபோது இதைவிட மோசம். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் வந்தாயிற்று, பெண்ணும் வந்து கும்பிட்டாயிற்று, மேஸ்திரியை மட்டும் காணவில்லை. பார்த்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பெண்ணின் அப்பா பதறிப்போய், "பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?" என்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "பொண்ணு தங்கம்ங்க. தரைதான் பேஜாரு. மூணு நாள் டைம் குடுங்க, சொல்றோம்." அந்த வீட்டில் மூன்று நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இவர் தனியாகப் போய்க் கவரைப் பிரித்து, அடுப்படிக் குழாயில் இருந்த கசிவைக் கண்டுபிடித்து, அதைச் சரிபண்ணிவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

மண்டகப்பட்டு குகைக் கோயிலுக்கு எல்லோரும் சிற்பம் பார்க்கப் போவார்கள். இவர் போய்த் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு எழுந்தாராம். "ஒரே பாறை. அடியில ஒரு கூடை மண்ணுகூட ரொப்பல. இதக் கொடைஞ்ச ராஜா நமக்கு வேலையே வெக்காம பூட்டாரு." கூடப் போனவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்ட ஆளை நானும் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன், என் வீட்டு ஹாலில் ஒரு தோசை அளவுக்கு ஈரம் தெரிகிற வரைக்கும்.

திண்டிவனத்துக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் என் கணவர் சேகரும் அவருடைய அண்ணனும் பக்கத்துப் பக்கத்தில் மனை வாங்கி, நடுச்சுவர் ஒன்றாகவும் பின்கட்டு பொதுவாகவும் இரட்டை வீடு கட்டினார்கள். அண்ணன் மனைவி மலர் அக்கா. எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது, மலர் அக்காதான் எல்லாம். வீட்டைப் பொறுத்தவரை ஆண்கள் வெறும் கையெழுத்து. செங்கல் எண்ணியது, சிமெண்டுக்கு நின்றது எல்லாம் நாங்கள் இருவர்தான். அதிலும் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பு என்பது அடுத்தவர்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

டைல்ஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிமெண்டுத் தரையோடு குடி வந்தோம். ஆறு மாதத்தில் தோசை தாம்பாளமானது, தாம்பாளம் பாயானது. கீழே வைத்திருந்த பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர்க் கட்டின் அடிப்பக்கத்து இருபது பேர் ஊறி அப்பளமாகிவிட்டார்கள். எல்லோருக்கும் மனசாட்சிப்படி மார்க் போட வேண்டியதாயிற்று. சேகர் அந்த இடத்தில் காப்பியோடு வழுக்கி விழுந்து, டம்ளரைக் காப்பாற்றி இடுப்பைக் கோட்டைவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒருவர் "ஏரிக்கரை மண்ணு டீச்சர், அப்படித்தான் இருக்கும்" என்றார். இன்னொருவர் வாஸ்து என்றார். நான் கணக்குப் போட்டேன். ஈரம் நடுச்சுவர் ஓரமாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மலர் அக்காவின் பாத்ரூம். ஆகவே, விடை தெரிந்துவிட்டது.

விடையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போனேன். "அக்கா, உங்க பாத்ரூம் தண்ணி எங்க ஹாலுக்கு வந்துக்கினு இருக்குது, கொஞ்சம் பாருங்க."

"எங்க தண்ணிக்கு உங்க வூட்டுக்கு வரணும்னு என்னாடி தலையெழுத்து?"

"பின்ன எங்க வூட்டுத் தரையே அழுவுதா?"

"அழுவும். நீ பேசற பேச்சுக்கு தரை மட்டுமில்ல, சுவரும் அழுவும்!"

அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பேச்சு நின்றது. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் பின்கட்டில் சேர்ந்து விளையாடுவது நின்றது. தினமும் ஒன்றாக டீக்கடைக்குப் போகும் அண்ணன் தம்பி இருவரும், அதே கடைக்கு, கால் மணி நேர இடைவெளியில் தனித்தனியாகப் போனார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் பின்கட்டின் நடுவில் ஒரு லோடு செங்கல் இறங்கியிருந்தது. அக்கா வீட்டில் பின்கட்டை இரண்டாக வெட்டிச் சுவர் எழுப்பப் போகிறார்களாம். என் வாய் சும்மா இருக்குமா? "நல்லா எழுப்பட்டும், நாமளும் பாதி செங்கல் தருவோம்" என்று சேகரிடம் கத்தினேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு அவர் அழுதார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் முதுகில் ஏறியே வளர்ந்தவர் அவர்.

மறுநாளே ஓதம் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். நியாயம் கேட்க இல்லை, சாட்சிக்கு. தண்ணீர் அந்த வீட்டுடையதுதான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது எனக்கு.

வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டார். ஹால் முழுக்கப் பூனை மாதிரி நடந்தார். ஈரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பூத்திருந்த உப்பை ஒரு விரலால் எடுத்து, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ மேஸ்திரி, பாத்ரூம் தண்ணி அது!"

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"நீங்க பள்ளிக்கூடத்துல சொல்லுங்க டீச்சரே. இங்க தரை சொல்லட்டும்."

ஈரத்தின் மேல் ஒரு கவர், காய்ந்திருந்த சமையலறையில் ஒரு கவர் ஒட்டினார். சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று நாள் நாங்கள் சொந்த ஹாலில் தாண்டித் தாண்டி நடந்தோம். வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்று "யாருக்கு என்னாச்சு?" என்று விசாரித்தார்கள். நாலாம் நாள் மேஸ்திரி வந்து பிரித்தார். ஹால் கவரின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். சமையலறைக் கவர் பொட்டுக்கூட நனையவில்லை.

"காத்துல வந்த ஈரம் இல்ல, அடியிலேந்துதான் வருது. ஏரி ஈரமா இருந்தா வூடு பூரா ஏறணும், சமையக்கட்டு காஞ்சிருக்குது. அப்ப ஏரி மேல தப்பு இல்ல" என்றார்.

"அதான் சொன்னேனே! அவங்க பாத்ரூம்தான்!"

மேஸ்திரி பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "செங்கல்லு எதுக்கு?"

"சுவர் வைக்க. வர்ற வெள்ளிக்கிழமை கடைக்கால் தோண்டறாங்க."

மனுஷன் கொஞ்ச நேரம் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்கட்டில் நின்று இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத் தீர்ப்புச் சொன்னார்: "பரிட்சை பாதிதான் முடிஞ்சிருக்குது. மீதி எட்டு நாளு. அதுவரைக்கும் டீச்சர் வூட்டு போர் மோட்டாரப் போடக் கூடாது. குழாயெல்லாம் மூடணும். குடிக்க, சமைக்க எல்லாம் அண்ணன் வூட்டுத் தண்ணி. டீச்சர் வூட்டு ஆளுங்க நாலு பேரும் அண்ணன் வூட்டு பாத்ரூம்லதான் குளிக்கணும்."

"என்னாது!" என்று இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. ரொம்ப நாளுக்கப்புறம் நானும் மலர் அக்காவும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"கேளுங்கம்மா. டீச்சர் வூட்ல தண்ணி நிக்குது. அண்ணன் வூட்டு பாத்ரூம்ல தண்ணி டபுளா போவுது. எட்டு நாள்ல ஹாலு இன்னும் நனைஞ்சா பாத்ரூம் குத்தவாளி. காஞ்சா பாத்ரூம் மேல தப்பு இல்ல. இதவிட என்னா கணக்கு வேணும்?"

கணக்கு டீச்சர் நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சுவர் வேலையை எட்டு நாள் தள்ளிப் போட்டார்கள்.

மறுநாள் காலை, வாளி, துண்டு, சோப்பு டப்பா சகிதம் நாங்கள் நாலு பேரும் பின்கட்டு வழியாக வரிசையாகப் போனதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மலர் அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனதும் நான் சொம்பு சொம்பாக எடுத்து ஊற்றினேன். நன்றாக நனையட்டும், ஹால் வரைக்கும் போகட்டும், குற்றம் ருசுவாகட்டும் என்று வெறியோடு ஊற்றினேன். வெளியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "இன்னும் ரெண்டு வாளி ஊத்து! நல்லா ஊத்து! யார் வூட்டுத் தண்ணின்னு ஊருக்கே தெரியட்டும்!" ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்ப இன்னொருத்தி ஊற்றுகிறாள், தான் விடுதலையாக அந்த ஒருத்தியும் ஊற்றச் சொல்கிறாள். இப்படி ஒரு குளியல் அந்த ஜில்லாவிலேயே நடந்திருக்காது.

மேஸ்திரி தினமும் வந்து விசாரிப்பார். "எத்தன சொம்பு ஆச்சு?" முதல் நாளே நான் முழித்தேன். "கணக்கு டீச்சரு, சொம்பு எண்ண வராதா? நாளையிலேந்து அண்ணிகாரம்மா வெளிய உக்காந்து எண்ணட்டும்." அன்றிலிருந்து நான் உள்ளே குளிக்க, மலர் அக்கா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். எண்ணுகிறவர் பேசாமல் எப்படி எண்ணுவது? "பதினாலு. பதினஞ்சு. ஏய், தலைக்கு ஊத்திக்காத, சளி புடிக்கும்." அப்படித்தான் முதல் பேச்சு வந்தது. எனக்குச் சளியும் பிடித்தது. நாலாம் நாள் போனபோது வாளியில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நான் கொஞ்சம் அழுதேன். "என்னாடி, சொம்பு சத்தமே காணோம்?" என்று வெளியிலிருந்து அதட்டல் வந்தது.

ஆறாம் நாள் பிள்ளைகள் அந்தச் செங்கல் குவியலை வைத்தே வீடு கட்டி விளையாடினார்கள். ஏழாம் நாள் குளித்துவிட்டு வந்த சேகருக்கு அண்ணன் டீயை நீட்டினார். எட்டாம் நாள், எங்கள் ஹாலில் இரண்டு குடும்பமும் நிற்க, மேஸ்திரி மூன்று நாள் முன்பு ஒட்டியிருந்த புதுக் கவரைப் பிரித்தார்.

அடியில் லேசாக ஒரு ஆவி. அவ்வளவுதான். முத்து இல்லை, சொட்டு இல்லை. தரையின் கறுப்பு பாதி வெளுத்திருந்தது.

"பாத்ரூம் விடுதலை" என்றார் மேஸ்திரி. "தண்ணி இந்த வூட்டுதுதான். ஒடைக்கலாமா டீச்சரே?"

உடைத்தார்கள். ஒரு முழம் ஆழத்தில் ஒரு பைப் தெரிந்தது. அதன் வாயில் அடைத்திருந்த துணியை மேஸ்திரி இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. மண்ணும் சகதியுமாக இருந்தாலும் மலர் அக்காவின் கண்ணுக்குத் தப்புமா?

"ஏய்! இது உன் மாம்பழக் கலர் புடவ இல்ல?"

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் ஞாபகம் வந்தது. தரைக்குக் கீழே ரொப்பிய மண் நன்றாக இறங்க வேண்டும் என்று, போர் லைனிலிருந்து ஒரு கிளை எடுத்து உள்ளே தண்ணீர் விட்டோம். அது முடிந்ததும் கிளையை அறுத்து மூட வேண்டும். கான்கிரீட் போடுகிற அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். பத்து இருபதுக்கு பிளம்பர், "பைப்ப மூட எண்டு கேப் இல்ல மேடம், கடைக்குப் போய்ட்டு வர்றேன்" என்றார். ராகு காலத்தில் தரை போடுவதா என்று பதறி, "ஜல்தியா போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று, தூசு துடைக்க வைத்திருந்த என் பழைய புடவையைக் கிழித்து, என் கையால் அந்த பைப்பின் வாயில் திணித்து, கட்டுக்கம்பியால் கட்டியவள் நான். நல்ல நேரத்தில் தரை போட்ட பெருமையில் அதைச் சுத்தமாக மறந்தும் போனேன். தினமும் மோட்டார் போடும்போதெல்லாம் என் புடவை வழியாக என் வீட்டுத் தண்ணீர் என் ஹாலுக்கே வந்திருக்கிறது.

மேஸ்திரியிடமிருந்து அந்தத் துணியை வாங்கிக்கொண்டேன். "அக்கா, நான்தான்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

மலர் அக்கா அந்தத் துணியை என் கையிலிருந்து வாங்கி உதறினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்தச் சிரிப்பு. "எட்டு நாளா என் போர் தண்ணிய காலி பண்ணிட்டு இப்ப வந்து அழுவறா பாரு! சோப்பு டப்பாவ எடுத்துக்கினு போயிடாத. அங்கியே இருக்கட்டும்."

அந்தச் செங்கல்லை வைத்துப் பின்கட்டின் நடுவில் துணி துவைக்க ஒரு மேடை கட்டினோம். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று துவைக்கலாம். சோப்பு டப்பா இன்னும் அக்கா வீட்டு பாத்ரூமில்தான் இருக்கிறது.

அன்றைக்கு மேஸ்திரியை வழியனுப்பும்போது ஒன்று கேட்டேன். "உப்ப நாக்குல வெச்சீங்களே, அப்பவே எங்க போர் தண்ணின்னு தெரிஞ்சிடுச்சு, இல்ல?"

"சோப்பு ருசி இல்ல டீச்சரே" என்றார், பையை மடித்துக்கொண்டே.

"அப்ப எட்டு நாள் எதுக்கு எங்கள குளிக்க வெச்சீங்க?"

"நான் வாயால சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் விழுப்புரத்தில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்தின் முதல் மழைக்கு போன் வந்துவிடும். நலமா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எதுவும் கிடையாது. "டீச்சரே, தரை எப்படி இருக்குது?" "காஞ்சிருக்குது மேஸ்திரி." "சரி." வைத்துவிடுவார். நானும் மழை விழுந்ததும் வெறுங்காலோடு ஹாலில் அந்த இடத்தில் நின்று பார்த்துக்கொண்டு போனுக்காகக் காத்திருப்பேன்.

இந்த வருஷம் முதல் மழை பெய்தது. இரண்டாவதும் பெய்தது. போன் வரவில்லை. நாங்கள் அடித்தாலும் போகவில்லை. மலர் அக்கா வந்து நின்றார். "என்னாடி, மேஸ்திரி கூப்டலியா? எனக்கு என்னமோ மாதிரி இருக்குது, கெளம்பு." எங்கள் பக்கத்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வறுத்து ஒரு பை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினோம். வழி முழுக்க என் கை அக்காவின் கைக்குள் இருந்தது.

மனுஷன் வாசலில் சேர் போட்டு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் எங்கள் செருப்பைத்தான் பார்த்தார். கழற்றிவிட்டோம்.

"போன் என்னாச்சு மேஸ்திரி? உயிரே போயிடுச்சு எங்களுக்கு!" என்று அக்கா கத்தினார்.

மேஸ்திரி வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "மழைல நனைஞ்சிடுச்சும்மா. உள்ள ஈரம் ஏறிடுச்சு. அரிசி டப்பாவுல பொதைச்சு வெச்சிருக்குது. எடுத்து எடுத்துப் பாக்கறேன், காயல."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே பஸ்லயா வந்தீங்க? பக்கத்து பக்கத்து சீட்டா?"

"ஆமாம்" என்றோம்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மல்லாட்டையை உரிக்க ஆரம்பித்தார்.

போன வாரமும் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். போன் இன்னும் அரிசி டப்பாவுக்குள்தான் இருக்கிறது. எடுங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் எடுக்கிற மாதிரி தெரியவில்லை.